ஒரு டாலர் பில்லுக்கு எத்தனை ரூபாய்? வெளிநாட்டுச் செலவுள்ள சிறு கம்பெனியின் ஐடிஆர்-6 தாக்கல்

கம்பெனி சின்னதுதான், நாலு பேர், ஒரு வாடகை அலுவலகம். ஆனால் சர்வர் வாடகை டாலரில் போகிறது, மென்பொருள் சந்தா யூரோவில் போகிறது, படங்களின் உரிமத் தொகை சிங்கப்பூருக்குப் போகிறது. இப்படிப்பட்ட பிரைவேட் லிமிடெட் கம்பெனி 2025-26 நிதியாண்டுக்கு, அதாவது 2026-27 மதிப்பீட்டு ஆண்டுக்கு, வருமான வரி ரிட்டர்ன் (கம்பெனிகளுக்கான படிவம் ஐடிஆர்-6) போடும்போது எங்கே இடறும் என்பதைப் பற்றியது இது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறிவிட்டன. ஆனால் 2025-26க்கான கணக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டப்படிதான். கீழே வரும் பிரிவு எண்களும் படிவ எண்களும் பழைய சட்டத்தினுடையவை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். ரிட்டர்ன் படிவத்தில் சிக்கல் குறைவு. எல்லாச் சிக்கலும் பில் வந்த அன்று என்ன எழுதினோம் என்பதில் இருக்கிறது. அக்டோபரில் உட்கார்ந்து கார்டு ஸ்டேட்மென்டைப் புரட்டி, ரூபாயில் கழிந்த தொகையை அப்படியே ‘சந்தா செலவு’ என்று போடுகிறவர்கள்தான் பிறகு நோட்டீஸ் வாங்குகிறார்கள்.

பில்லை யார் போட்டது?

டாலரில் காசு போனால் வெளிநாட்டுச் செலவு, ரூபாயில் போனால் உள்நாட்டுச் செலவு என்று நினைத்துக்கொள்வது பொதுவான தவறு. பில்லை அனுப்பிய சட்டபூர்வ நிறுவனம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. பெரிய கிளவுட், விளம்பர நிறுவனங்கள் பலவும் இப்போது இந்தியத் துணை நிறுவனத்தின் பெயரில் ரூபாயிலேயே பில் போடுகின்றன. அப்படியானால் அது சாதாரண உள்நாட்டுச் செலவு. டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி) பிரிவு 194ஜே அல்லது 194சி-யில் பார்க்க வேண்டியது. மாறாக, ரூபாயில் விலை காட்டிவிட்டு அயர்லாந்து, சிங்கப்பூர் கம்பெனி பெயரில் பில் அனுப்புகிறவர்களும் உண்டு. அது இறக்குமதிச் சேவை.

சுலபமாகப் பார்க்க ஒரு வழி: பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம். 33 தமிழ்நாடு, 29 கர்நாடகம், 07 தில்லி. 99 என்று தொடங்கினால் அது இந்தியாவில் ஜிஎஸ்டி மட்டும் பதிந்த வெளிநாட்டு ஆன்லைன் சேவை நிறுவனம். எண்ணே இல்லாவிட்டாலும் பெரும்பாலும் வெளிநாடுதான். அடியில் உள்ள முகவரியைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

99-இல் தொடங்கும் எண்ணோடு 18 சதவீத வரியும் பில்லில் சேர்ந்திருந்தால் உங்கள் கணக்கின் பில்லிங் பக்கத்தில் கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். உங்களைச் சாதாரண நுகர்வோராக எண்ணி வரி போட்டிருக்கிறார்கள். அந்த வரிக்கு உள்ளீட்டு வரவு (வாங்கியதில் கட்டிய ஜிஎஸ்டியை, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) கிடையாது, செலவாகவே போகும். எண்ணை இன்றே கொடுத்துவிடுங்கள். இயக்குநரின் சொந்தப் பெயரில் இருக்கும் சந்தாக்களையும் கம்பெனி பெயருக்கு மாற்றிவிடுங்கள். சொந்தக் கார்டில் கட்டிவிட்டுப் பிறகு கம்பெனியிடம் வாங்கிக்கொள்வது குற்றமல்ல. ஆனால் பில் கம்பெனி பெயரில் இல்லாவிட்டால் ஜிஎஸ்டி வரவும் போகும், இது தொழில் செலவுதான் என்று நிரூபிக்கும் வேலையும் கூடும்.

ஒரே பில், பல ரேட்

இதுதான் மையம். ஒரு டாலர் பில்லுக்கு ஒரே ஒரு ரூபாய் மதிப்பு இருப்பதில்லை. எந்த வேலைக்கு எந்த ரேட் என்று சட்டம் தனித்தனியாகச் சொல்கிறது.

கணக்குப் புத்தகத்துக்கு, கணக்கியல் தரம் ஏஎஸ் 11-இன்படி, நடவடிக்கை நடந்த நாளின் ரேட். பெரும்பாலோர் எஃப்பிஐஎல் வெளியிடும் குறிப்பு விகிதத்தை எடுக்கிறார்கள். 2018 ஜூலை முதல் ரிசர்வ் வங்கிக்குப் பதிலாக அந்த அமைப்புதான் வெளியிடுகிறது. டாலர், யூரோ, பவுண்டு, யென் அதில் கிடைக்கும். விடுமுறை நாளானால் அதற்கு முந்தைய வேலை நாளின் விகிதம். எந்த மூலத்தை எடுத்தாலும் வருடம் முழுக்க அதையே பிடித்துக்கொள்ளுங்கள். சாதகமான நாளில் ஒன்று, பாதகமான நாளில் வேறொன்று என்று தாவினால் ஆடிட்டர் முதல் கேள்வியே அதில்தான் கேட்பார்.

டிடிஎஸ்-க்கு, விதி 26-இன்படி, வரி பிடிக்க வேண்டிய நாளில் பாரத ஸ்டேட் வங்கியின் டிடி பையிங் ரேட் (TT buying rate, வங்கி டாலரை வாங்கும் விகிதம்; டிமாண்ட் டிராஃப்ட் அல்ல). அந்த நாள் என்பது பில்லைக் கணக்கில் வரவு வைத்த நாள் அல்லது பணம் கொடுத்த நாள், எது முந்தியதோ அது.

சேவைகள் மீதான ஜிஎஸ்டிக்கு, ‘வழங்கல் நேரம்’ என்று ஜிஎஸ்டி சட்டம் சொல்லும் தேதியின் ரேட். இந்தியாவில் ஜிஎஸ்டி பதியாத வெளிநாட்டு நிறுவனத்தின் பில்லுக்கு, 2024 நவம்பர் முதல், அது பணம் கொடுத்த நாள், அல்லது சேவை பெற்ற 30 நாளுக்குள் நீங்களே போட வேண்டிய சுய பில்லின் தேதி, எது முந்தியதோ அது. பொருளாக இறக்குமதி செய்தால் சுங்கத்துறை அறிவிக்கும் ரேட். அது சுங்க வரிக்கு மட்டும், கணக்குப் புத்தகத்துக்கு அல்ல.

கடைசியாக வங்கி உண்மையில் உங்களிடம் வாங்கிய ரேட்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ரேட்டுகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. சிங்கப்பூர் கம்பெனி ஒன்றுக்குப் பட உரிமத் தொகை 2,000 டாலர். பில் தேதி 2026 பிப்ரவரி 10. அன்று குறிப்பு விகிதம் 90.20, ஸ்டேட் வங்கி டிடி பையிங் 89.70. இந்திய-சிங்கப்பூர் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி உரிமத் தொகைக்கு 10 சதவீத டிடிஎஸ்.

பிப்ரவரி 10: செலவு 2,000 × 90.20 = 1,80,400 ரூபாய். டிடிஎஸ் 2,000 × 89.70 = 1,79,400-இல் 10 சதவீதம், 17,940. விற்பனையாளருக்குத் தர வேண்டியது 1,800 டாலர், புத்தகத்தில் 1,62,360. இரண்டையும் கூட்டினால் 1,80,300. மீதி 100 ரூபாய் அந்நியச் செலாவணி லாபம். இந்த நூறு ரூபாய்க்கு இடமில்லாமல்தான் பல லெட்ஜர்கள் வருடக் கடைசியில் ஒட்டாமல் நிற்கும்.

மார்ச் 31: பணம் இன்னும் போகவில்லை. அன்றைய ரேட் 91.10. 1,800 டாலரின் மதிப்பு 1,63,980. வித்தியாசம் 1,620 ரூபாய், இந்த ஆண்டின் செலாவணி நஷ்டம். காசு கையை விட்டுப் போகவில்லையே, இதை எப்படிக் கழிப்பது என்று கேட்பவர்கள் உண்டு. நடப்புச் செலவு தொடர்பான பாக்கிக்கு இது அனுமதிக்கப்பட்டதுதான். உட்வர்ட் கவர்னர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இலேயே சொன்னது. பிறகு பிரிவு 43ஏஏ-வும், வரிக்கான வருமானக் கணக்கீட்டுத் தரமான ஐசிடிஎஸ் 6-ம் அதைச் சட்டமாகவே எழுதிவிட்டன. லாபமாக இருந்தால் அதேபோல வரியும் உண்டு.

ஜிஎஸ்டிக்கு மட்டும் சற்றுப் பின்னோக்கி, மார்ச் 8: அன்று சுய பில் போட்டதாக வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டிக்கு இதுதான் தேதி. ஞாயிற்றுக்கிழமை, எனவே முந்தைய வேலை நாளின் விகிதம், 91.30 என்று வைத்துக்கொள்வோம். 1,82,600-க்கு 18 சதவீதம் 32,868. இது மார்ச் மாதத்துக்கான ஜிஎஸ்டி ரிட்டர்னான 3பி-யில் வருகிறது. டிடிஎஸ் போக மீதிக்கு அல்ல, முழு 2,000 டாலருக்கும்.

ஏப்ரல் 20: வங்கி 91.60-க்கு டாலர் விற்கிறது. 1,64,880 ரூபாய் போகிறது. 900 ரூபாய் நஷ்டம், அடுத்த ஆண்டுக்கு. வங்கியின் கமிஷனும் அதன் மேல் உள்ள ஜிஎஸ்டியும் வங்கிக் கட்டணம் என்ற தனி லெட்ஜரில். செலாவணி நஷ்டத்தோடு கலக்கக் கூடாது.

கிரெடிட் கார்டில் கட்டினாலும் இதே பிரிப்புதான். கார்டு ஸ்டேட்மென்டில் உள்ள ரூபாய்த் தொகைக்குள்ளோ அதற்கடுத்த வரியிலோ மார்க்அப் கட்டணம் இருக்கும். பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி. செலவு பில் தேதி ரேட்டில், மார்க்அப் வங்கிக் கட்டணத்தில், மீதி செலாவணி வித்தியாசத்தில். மாதத்துக்கு முப்பது சிறு சந்தா என்றால் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்வது அலுப்புதான். ரேட் பெரிதாக ஆடாத மாதத்தில் அந்த மாத சராசரி விகிதத்தை எடுக்க ஏஎஸ் 11 இடம் தருகிறது. புத்தகத்துக்கு மட்டும்தான் அது. டிடிஎஸ்-க்குச் சராசரி கிடையாது.

இன்னொரு பொறி, முன்பணம். 2025 டிசம்பர் 1 அன்று ஓராண்டுச் சந்தா 1,200 டாலர் கட்டினீர்கள், ரேட் 89.50, ஆக 1,07,400 ரூபாய். மார்ச் வரை நாலு மாதம், 35,800 இந்த ஆண்டுச் செலவு. மீதி எட்டு மாதத்துக்கான 71,600 முன்கூட்டிச் செலுத்திய செலவு. இதை மார்ச் 31 ரேட்டுக்கு மாற்றி எழுதக் கூடாது. திரும்பப் பணமாக வரப்போவதில்லை, சேவையாகத்தான் வரும். எனவே கட்டிய நாளின் ரேட்டிலேயே நிற்கும். விற்பனையாளருக்குக் கொடுத்த அட்வான்ஸும் அப்படியே. மார்ச் 31 ரேட்டுக்கு மாற்ற வேண்டியவை தர வேண்டிய பாக்கி, வர வேண்டிய பாக்கி, ஃபாரெக்ஸ் கார்டில் மிச்சம், கையில் உள்ள வெளிநாட்டு நோட்டு. அவ்வளவுதான்.

டேலி கணக்கு மென்பொருளில் பல நாணய வசதியைப் போட்டிருந்தால் இருப்புநிலைக் குறிப்பில் ‘அன்அட்ஜஸ்டட் ஃபாரெக்ஸ் கெயின்/லாஸ்’ என்று ஒரு வரி தானாக முளைக்கும். அதை அப்படியே விட்டுவிட்டு ரிட்டர்னுக்குப் போகாதீர்கள். மார்ச் 31 ரேட்டை உள்ளிட்டு, ஜர்னல் வவுச்சரில் செலாவணி லாப நஷ்ட லெட்ஜருக்கு மாற்றினால் அந்த வரி மறையும். மறையவில்லை என்றால் ஏதோ ஒரு பில்லும் அதன் பணமும் ஒன்றோடொன்று பொருத்தப்படாமல் கிடக்கின்றன.

டிடிஎஸ்: பெரிய அடி விழும் இடம்

வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் தொகையில் வரி பிடிக்கச் சொல்லும் பிரிவு 195-க்குக் குறைந்தபட்ச வரம்பு என்று ஒன்று கிடையாது. பத்து டாலரானாலும், பெறுபவருக்கு இந்தியாவில் வரி விதிக்கத்தக்க தொகையானால் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் 40(ஏ)(ஐ) பிரிவின்படி அந்தச் செலவு முழுவதும் கழிவுக்குத் தகுதி இழக்கும். உள்நாட்டுக்காரருக்குப் பிடிக்காமல் விட்டால் 30 சதவீதம்தான் போகும். வெளிநாட்டவர் என்றால் நூறு சதவீதம். மேலே பார்த்த 1,80,400 ரூபாய்க்கு, 115பிஏஏ-வில் (22 சதவீத விகிதம், மேல்வரியும் செஸ்ஸும் சேர்த்து) 25.168 சதவீத வரி கட்டும் கம்பெனிக்கு, 45,400 ரூபாய்க்குச் சற்று மேல் கூடுதல் வரி.

வங்கி வழியாக அனுப்பினால் 15சிஏ (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை வரித்துறைக்குத் தெரிவிக்கும் படிவம்) எங்கே என்று வங்கியே கேட்கும். கார்டில் கட்டினால் யாரும் கேட்பதில்லை. கேட்காததால் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடாது. சிறு கம்பெனிகளின் சிக்கலில் பாதி இந்தக் கார்டுச் செலவில்தான் ஒளிந்திருக்கிறது.

எனவே ஒவ்வொரு விற்பனையாளருக்கும் ஒரு முடிவும் அதற்கான காரணமும் எழுத்தில் இருக்க வேண்டும். பொதுவாக வருபவை இவை.

கடையில் வாங்குவதுபோல் வாங்கும் ரெடிமேட் மென்பொருள்: என்ஜினீயரிங் அனாலிசிஸ் வழக்கில் 2021 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம், இது பதிப்புரிமையைப் பயன்படுத்தும் தொகை அல்ல, எனவே ஒப்பந்தங்களின்படி உரிமத் தொகையும் அல்ல என்று தீர்ப்பளித்தது. பயன்படுத்த மட்டும் உரிமை தரும் சந்தாக்களுக்கு இந்தத் தர்க்கமே துணை. கிளவுட் சேவைக்கு அமேசான் வெப் சர்வீசஸ் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2025-இல் இதே திசையில் தீர்ப்பளித்தது. ஆனால் இந்தத் தீர்ப்புகள் ஒப்பந்தத்தின் மேல் நிற்பவை. ஒப்பந்தப் பலன் வேண்டுமானால் அந்த நாட்டு வரி வசிப்பிடச் சான்றிதழ், ஆன்லைனில் தாக்கல் செய்த படிவம் 10எஃப், இந்தியாவில் நிலையான தொழிலகம் இல்லை என்ற உறுதிமொழி மூன்றும் கோப்பில் வேண்டும். பெரிய நிறுவனங்கள் இவற்றைத் தங்கள் உதவிப் பக்கத்திலேயே போட்டு வைத்திருப்பதுண்டு. தேடி எடுத்து ஆண்டுவாரியாகச் சேமியுங்கள்.

ஆன்லைன் விளம்பரம்: 6 சதவீதச் சமன்படுத்தல் வரி 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. 2025-26க்கு அது இல்லை. ஆனால் அந்த வரி இருந்தவரை அதே வருமானத்துக்கு இருந்த வருமான வரி விலக்கும் கூடவே போய்விட்டது. ஆகவே வெளிநாட்டு விளம்பர பில்லுக்கும் இப்போது 195-ஐப் பார்த்து முடிவெழுத வேண்டும். பழைய பழக்கத்தில் 6 சதவீதம் கட்டிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள், அது தேவையில்லை.

வெளிநாட்டு ஃப்ரீலான்சர்: அமெரிக்காவில் தன் வீட்டிலிருந்தே வேலை செய்யும் தனிநபர் டிசைனர் என்றால், இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்தின் 15ஆம் கட்டுரை உதவலாம். இந்தியாவில் நிலையான இடம் இல்லாமல், ஆண்டில் 90 நாளோ அதற்கு மேலோ இங்கே தங்காமல் இருந்தால் தனித்தொழில் வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. அவரே ஒரு கம்பெனி பெயரில் பில் போட்டால் அந்தக் கட்டுரை பொருந்தாது. தொழில்நுட்பச் சேவைக்கான கட்டுரைக்குப் போக வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், சிங்கப்பூர் ஒப்பந்தங்களில் அந்த அறிவை உங்களுக்குக் கைமாற்றிக் கொடுத்தால்தான் வரி என்ற நிபந்தனை இருக்கிறது. லோகோ வரைந்து கொடுப்பதில் அறிவு கைமாறுவதில்லை. உங்கள் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்து, அடுத்த முறை நீங்களே செய்யும்படி விட்டுப்போனால் கைமாறுகிறது.

ஒப்பந்தம் இல்லை, அல்லது ஆவணம் கிடைக்கவில்லை என்றால் உரிமத் தொகைக்கும் தொழில்நுட்பக் கட்டணத்துக்கும் உள்நாட்டு விகிதம் 20 சதவீதம், செஸ் சேர்த்து 20.8. 2023 நிதிச் சட்டத்துக்கு முன் இது 10 சதவீதம். பழைய கோப்பைப் பார்த்து 10 போடுகிற தவறு இன்றும் நடக்கிறது. ஒப்பந்த விகிதத்தில் பிடிக்கும்போது மேல்வரி, செஸ் சேர்க்க வேண்டாம். பான் இல்லாத வெளிநாட்டவருக்கு 206ஏஏ-இன் கூடுதல் விகிதம் விழாமல் இருக்க, விதி 37பிசி கேட்கும் பெயர், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி, அந்நாட்டு வரி எண், வசிப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றை வாங்கி, வெளிநாட்டவருக்கான டிடிஎஸ் அறிக்கையான 27க்யூ-வில் நிரப்புங்கள்.

‘எனக்கு 2,000 டாலர் முழுசாக வர வேண்டும்’ என்று விற்பனையாளர் பிடிவாதம் பிடித்தால் வரியை நீங்கள் ஏற்க வேண்டும். அப்போது தொகையை 195ஏ-படி பெருக்கிக்கொள்ள வேண்டும். 1,79,400-ஐ 0.9-ஆல் வகுத்தால் 1,99,333, வரி 19,933. வசிப்பிடச் சான்றிதழ் இல்லாமல் 20.8 சதவீதம் என்றால் 0.792-ஆல் வகுக்க வேண்டும்: 2,26,515, வரி 47,115. ஒரு காகிதத்தின் விலை 27,000 ரூபாய். வேலையைத் தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள். பணம் போன பிறகு யாரும் அனுப்பமாட்டார்கள்.

பிடித்த வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துக்கு ஏப்ரல் 30. 27க்யூ காலாண்டு அறிக்கை ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய். உள்நாட்டு டிடிஎஸ்-க்கான 26க்யூ-வில் இதைச் சேர்த்துவிடக் கூடாது.

விட்டுப்போயிருந்தால்? ரிட்டர்னின் கடைசித் தேதிக்கு முன் வரியைக் கட்டிவிட்டால் செலவு தப்பிக்கும். பிடிக்காத காலத்துக்கு மாதம் 1 சதவீதம், பிடித்துக் கட்டாத காலத்துக்கு 1.5 சதவீதம் வட்டி. பெரும்பாலும் அந்த வட்டி, செலவை இழப்பதைவிட மலிவு. அதனால்தான் செப்டம்பரில் ஒருமுறை எல்லா வெளிநாட்டு பில்லையும் வரிசையாக ஓட்டிப் பார்க்கச் சொல்கிறோம்.

15சிஏ பற்றிச் சுருக்கமாக: வரிக்குரிய தொகை, ஆண்டில் 5 லட்சம் வரை என்றால் பகுதி ஏ. அதைத் தாண்டினால் ஆடிட்டரின் 15சிபி சான்றிதழோடு பகுதி சி, துறையின் சான்றிதழ் கையில் இருந்தால் பகுதி பி. வரிக்குரியதே அல்ல என்றால் பகுதி டி. தவறவிட்டால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஜிஎஸ்டி மூலையில் ஒரு பார்வை

இறக்குமதிச் சேவைக்கு எதிர்முறை வரியை (விற்பவருக்குப் பதில் வாங்குபவரே கட்டும் ஜிஎஸ்டி) பணமாகத்தான் கட்ட வேண்டும். இருக்கும் உள்ளீட்டு வரவைக் கொண்டு கட்ட முடியாது. 3பி-யில் 3.1(டி)-யில் காட்டி, 4(ஏ)(2)-இல் அதே மாதம் வரவாக எடுத்துக்கொள்ளலாம். வரவு எடுத்தால் அது செலவு அல்ல. எடுக்க முடியாத வரவுதான் லாப நஷ்டக் கணக்குக்குப் போகும். இரண்டு பக்கமும் எடுத்துவிட்டால் ஆடிட்டர் கண்ணில் படாமல் போகலாம், துறையின் ஒப்பீட்டில் படும்.

படிவத்துக்குள்

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு விரிதாளில் பில்லுக்கு ஒரு வரியாக இருந்தால் ஐடிஆர்-6 ஒரு மாலை வேலை. அந்த வரியில் இருக்க வேண்டியவை: பில் எண், தேதி, விற்பனையாளரின் சட்டப் பெயர், நாடு, நாணயம், தொகை, புத்தக ரேட், டிடிஎஸ் முடிவும் காரணமும், டிடி பையிங் ரேட், சலான் எண், ஜிஎஸ்டி தேதியும் ரேட்டும், பணம் போன தேதி, வங்கி கழித்த தொகை, 15சிஏ ஒப்புகை எண், மார்ச் 31 பாக்கி.

லாப நஷ்டப் பகுதியில் கமிஷன், உரிமத் தொகை, தொழில்முறைக் கட்டணம், வட்டி ஆகியவற்றுக்கு இரண்டு இரண்டு கட்டங்கள்: இந்தியாவுக்கு வெளியே அல்லது வெளிநாட்டவருக்குக் கொடுத்தது, மற்றவர்களுக்குக் கொடுத்தது. எல்லாவற்றையும் ‘இதர செலவு’ என்று ஒரே கட்டத்தில் தள்ளாதீர்கள். முதல் கட்டத்தில் பூஜ்யம், 27க்யூ-வில் பதினைந்து பதிவு என்றால் பொருந்தாமை வெளியே தெரியும்.

‘பகுதி ஏ-ஓஐ’-யில் 40(ஏ)(ஐ) தொகையை நீங்களே காட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். போன ஆண்டு இழந்து இந்த ஆண்டு வரி கட்டிய செலவு இருந்தால், அதைத் திரும்பப் பெறும் கட்டமும் அங்கேதான். இதைப் பலர் மறக்கிறார்கள். உரிய கழிவை விட்டுக்கொடுக்கிறார்கள்.

ஐசிடிஎஸ் அட்டவணையில் ஆறாவது தரம் செலாவணிக்கு. ஏஎஸ் 11-ஐ நேராகப் பின்பற்றும் சிறு கம்பெனிக்குப் பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும். வெளிநாட்டிலிருந்து இயந்திரம் கடனில் வாங்கியவர்கள் மட்டும் நிற்க: அந்தப் பாக்கியின் செலாவணி வித்தியாசம் பிரிவு 43ஏ-க்குள் வரும். உண்மையில் பணம் கட்டும்போது இயந்திரத்தின் விலையில் கூட்டிக் கழிக்க வேண்டியது. மார்ச் 31 நஷ்டத்தை வருமானத்தில் கழிக்க முடியாது.

வரித் தணிக்கை தேவைப்படாத கம்பெனிக்கு ‘எஃப்டி’ என்ற அட்டவணை இருக்கிறது. வெளிநாட்டு நாணயத்தில் செலுத்தியதும் பெற்றதும், மூலதனம், வருவாய் என்று பிரித்து, ரூபாயில். இது ஆண்டுக்குள் கைமாறிய பணம். நம் 1,800 டாலர் ஏப்ரலில்தான் போனது, ஆகவே இந்த ஆண்டு எஃப்டி-யில் வராது. ஆனால் கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி நிதிநிலை அறிக்கையில் எழுதும் ‘வெளிநாட்டு நாணயச் செலவு’ குறிப்பில் 1,80,400 வரும். இரண்டும் ஒட்டாது, ஒட்ட வேண்டியதும் இல்லை. ஏன் ஒட்டவில்லை என்ற அரைப்பக்கத் தாள் கோப்பில் இருந்தால் போதும். வங்கிகள் தெரிவிக்கும் வெளிநாட்டு அனுப்புதல்கள், வரித்துறைத் தளத்தில் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்-இல் தெரியும். அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அமெரிக்காவில் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் கம்பெனி, வெளிநாட்டுச் சொத்துகளுக்கான ‘எஃப்ஏ’ அட்டவணையைத் தவிர்க்க முடியாது. அங்கே கணக்கு நிதியாண்டுக்கு அல்ல, டிசம்பர் 31-இல் முடியும் காலண்டர் ஆண்டுக்கு. மார்ச் 31 இருப்பை எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

பணம் போன இடம் இயக்குநரின் சொந்த வெளிநாட்டு நிறுவனமோ தாய் நிறுவனமோ என்றால் கதை மாறும். ஒரு ரூபாயானாலும், தொடர்புடைய வெளிநாட்டு நிறுவனத்தோடு நடந்த பரிவர்த்தனை பற்றி ஆடிட்டர் தரும் 3சிஇபி அறிக்கை அக்டோபர் 31-க்குள். ரிட்டர்ன் நவம்பர் 30. அறிக்கை தவறினால் 1 லட்சம் அபராதம். ஜிஎஸ்டியின் தேதி விதியும் அவர்களுக்கு வேறு. கணக்கில் எழுதிய நாளே, முந்தியிருந்தால், வரி நாள்.

மற்ற கம்பெனிகளுக்குக் கடைசித் தேதி அக்டோபர் 31. வரித் தணிக்கை அறிக்கை வேண்டுமானால் அது செப்டம்பர் 30. நஷ்டம் காட்டும் கம்பெனி ஒரு நாள் தாமதித்தாலும் தொழில் நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்ல முடியாது. 22 சதவீத விகிதத்தை முதன்முறை எடுப்பவர்கள் 10-ஐசி படிவத்தையும் அதே தேதிக்குள் போட வேண்டும். நீட்டிப்பு வரும் என்று உட்கார்ந்திருப்பதில் பயனில்லை.

கம்பெனி ரிட்டர்னை ஆதார் ஓடிபி-யால் உறுதி செய்ய முடியாது. இயக்குநரின் டிஜிட்டல் கையொப்பம்தான். அந்த டோக்கனை முதலில் இயக்குநர் தன் சொந்த பான் கணக்கில் பதிந்திருக்க வேண்டும், பிறகு கம்பெனியின் சுயவிவரத்தில் முதன்மைத் தொடர்பாளராக இருக்க வேண்டும். காலாவதியான டோக்கனோடு அக்டோபர் 30 இரவு போராடுகிற கம்பெனிகள் ஆண்டுதோறும் உண்டு. செப்டம்பரிலேயே ஒருமுறை செருகிப் பார்த்துவிடுங்கள்.

தாக்கல் ஆன பிறகு, ரிட்டர்னைச் சரிபார்த்த முடிவைச் சொல்லும் 143(1) தகவல் வரும். தணிக்கை அறிக்கையின் 21(பி)-யில் ஆடிட்டர் 40(ஏ)(ஐ) தொகை எழுதி, ரிட்டர்னில் அது இல்லாவிட்டால், பெங்களூரு மையம் தானாகவே சேர்க்க முன்மொழியும். பதில் தர 30 நாள். அப்போது கேட்கப்படும் முதல் ஆதாரம் பெரும்பாலும் அன்றைய டிடி பையிங் ரேட்தான். ஸ்டேட் வங்கி தன் அட்டையைத் தினமும் மாற்றிப் போடுகிறது. ஆகவே வெளிநாட்டு பில் வருகிற ஒவ்வொரு நாளும் அந்தப் பக்கத்தைப் பிடிஎஃப்-ஆக இறக்கி, பில்லோடு ஒரே கோப்புறையில் வைத்துவிடுங்கள். கம்பெனிச் சட்டம் எட்டு நிதியாண்டுகளுக்குக் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. அந்தப் பிடிஎஃப்-க்கும் அதே ஆயுள்.